சாயங்கால விளையாட்டு மார்க்கை ஏற்றுமா, இறக்குமா? கணக்கிடுவது எப்படி?

சென்னையில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஜூன் மாதமே தீர்ப்பு வந்துவிடும். "இந்த ஒரு வருஷம் கிரவுண்டுப் பக்கமே போகாதே. பரீட்சை முடியட்டும், அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் ஆடிக்கோ." சாயங்காலம் நாலரை மணிக்கு வாலிபால் வலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய பிள்ளை டியூஷன் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். அதே பள்ளியின் பி.டி. சாரைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்வார்: "நம்ம டீம் பசங்க மார்க்கைப் பாருங்க. ஆடுற பசங்கதான் நல்லாப் படிக்கிறாங்க."

இரண்டு பேருமே கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பார்த்ததை வைத்து ஒரு பிள்ளையின் மாலை நேரத்தையே பறிப்பதென்றால், அதற்கு முன் கொஞ்சம் அளந்து பார்க்க வேண்டாமா? அளக்க வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் சராசரியும், மார்க்குகள் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கமும் தெரிந்தால் போதும். யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும்.

ஒரு கற்பனைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பில் 120 பேர். பள்ளி விட்டதும் 40 பேர் தங்கி ஆடுகிறார்கள், 80 பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அரையாண்டுத் தேர்வில் ஆடுபவர்களின் சராசரி 71, ஆடாதவர்களின் சராசரி 61. பத்து மார்க் வித்தியாசம். பி.டி. சார் இதை எடுத்துக் கொண்டுபோய் ஹெட்மாஸ்டரிடம் காட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது என்றுதான் தோன்றும்.

இப்போது அதே 120 பேரை, போன வருஷ மார்க்கை வைத்து மேல் பாதி 60, கீழ்ப் பாதி 60 என்று பிரித்துப் பார்க்கலாம். ஆடும் 40 பேரில் 30 பேர் மேல் பாதியைச் சேர்ந்தவர்கள், 10 பேர்தான் கீழ்ப் பாதி. ஆடாத 80 பேரில் 30 பேர் மேல் பாதி, 50 பேர் கீழ்ப் பாதி. மேல் பாதியில் ஆடுபவர்களின் சராசரி 77, ஆடாதவர்களின் சராசரி 76. கீழ்ப் பாதியில் 53, 52. அதாவது ஒத்த பிள்ளைகளை ஒத்த பிள்ளைகளோடு வைத்தால் பத்து மார்க் ஒரு மார்க்காகச் சுருங்கிவிட்டது. சந்தேகம் இருந்தால் பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள்: 30 பேருக்கு 77, 10 பேருக்கு 53 என்றால் சராசரி சரியாக 71, மறுபக்கம் 30 பேருக்கு 76, 50 பேருக்கு 52 என்றால் 61. மீதி ஒன்பது மார்க் ஆடியதால் வந்ததில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் அதிகமாக மைதானத்தில் தங்கினார்கள் என்பதால் வந்தது.

ஏன் அவர்கள் மட்டும் தங்குகிறார்கள்? நம் ஊர்ப் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு இருக்கும் பையன் ஆறு மணி வரை ஆடலாம். நகரின் தெற்கு எல்லையில் இருக்கும் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட பிறகும் பழைய பள்ளிக்கே வந்து போகும் பையன் பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர எட்டு மணி ஆகும். அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண் மணி அடித்ததும் ஓடிவிடுவாள். ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு இரண்டு சுற்று ஓடினாலே மூச்சு வாங்கும். வகுப்பில் உட்கார்ந்தாலும் சோர்வுதான். வீட்டுச் சூழல், தூரம், உடம்பு எல்லாமே விளையாட்டையும் தொடுகின்றன, மார்க்கையும் தொடுகின்றன. இவற்றைக் குழப்பும் காரணிகள் என்பார்கள். நடுவில் இவை நிற்கும்போது விளையாட்டுக்கும் மார்க்குக்கும் நேரடி உறவு இருப்பதுபோலத் தெரியும்.

இதோடு காரணமும் விளைவும் தலைகீழாகப் போகும் வாய்ப்பும் உண்டு. காலாண்டில் கணக்கில் 38 வாங்கிய பையனை "இனிமே ஆட்டம் கிடையாது" என்று அப்பா நிறுத்திவிடுகிறார். வருஷக் கடைசியில் கணக்கெடுத்தால் ஆடாதவர்கள் பட்டியலில் குறைந்த மார்க் நிறைய இருக்கும். ஆடாததால் மார்க் குறைந்ததா, மார்க் குறைந்ததால் ஆட்டம் நின்றதா? பட்டியலைப் பார்த்துச் சொல்லவே முடியாது. நாலு மணிக்கு மேல் மெதுவாகப் படிப்பவர்களுக்கு மட்டும் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கும் பள்ளிகளிலும் இதே கதைதான். அவர்கள் ஆட முடியாததற்குக் காரணமே அவர்களுடைய மார்க்.

போன வருஷ மார்க்கை வைத்துப் பிரித்ததுபோல வருமானம், தூரம், உடல்நலம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போகலாம். புள்ளியியலில் இதை ஒரே கணக்கில் செய்ய முறைகள் உண்டு. ஆனால் பதிவேட்டில் இருப்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். விடியற்காலையில் தானே எழுந்து ஷூ லேஸ் கட்டும் பிள்ளையின் பிடிவாதம் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? அந்தப் பிடிவாதம் ஆட்டத்துக்கும் உதவும், அல்ஜீப்ராவுக்கும் உதவும்.

நாம் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான்: இதே பிள்ளை, இதே வருஷம் ஆடியிருந்தால் எவ்வளவு, ஆடாமல் இருந்திருந்தால் எவ்வளவு? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விளையாட்டின் விளைவு. இரண்டில் ஒன்று மட்டுமே நடக்கும். நடக்காத அந்த இன்னொரு வருஷத்துக்குப் பதிலாக எதை வைப்பது என்பதுதான் இந்த மாதிரி ஆய்வுகளின் அடிப்படைச் சிக்கல்.

சிலர் அதே பிள்ளையின் முந்தைய மார்க்கை வைப்பார்கள். காலாண்டுக்குப் பிறகு விளையாட்டைத் தொடங்கி, அரையாண்டில் என்ன ஆனது என்று பார்ப்பது. இது நம்ப முடியாத ஒப்பீடு. காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவில் வடகிழக்குப் பருவமழையின் பெரும்பகுதி வந்து போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னைப் பள்ளிகள் மூடிக்கிடந்தன, அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. அந்த வருஷம் மார்க் குறைந்திருந்தால் பழியை விளையாட்டின் மேல் போட முடியுமா? கேள்வித்தாளும் ஒவ்வொரு தேர்விலும் ஒரே கடினத்தில் இருப்பதில்லை.

இன்னொரு நுட்பமான கோளாறும் இதில் இருக்கிறது. காலாண்டில் மிகக் குறைந்த மார்க் வாங்கிய 20 பேரை மட்டும் பொறுக்கி ஆட வைத்தால், அரையாண்டில் அவர்களுடைய சராசரி எப்படியும் கொஞ்சம் ஏறும். ஏனென்றால் அந்த 20 பேரில் சிலர் தேர்வு நாளில் காய்ச்சலோடு வந்தவர்கள், சிலர் படிக்காத பாடத்திலிருந்தே எல்லாக் கேள்வியும் வந்து மாட்டிக்கொண்டவர்கள். அடுத்த தேர்வில் அந்தத் துரதிர்ஷ்டம் திரும்ப வராது, மார்க் தன் வழக்கமான இடத்துக்குத் திரும்பும். விளையாட்டே இல்லாமல், வெறும் வெல்லம் கொடுத்திருந்தாலும் அவர்கள் ஏறியிருப்பார்கள்.

ஆகவே ஒப்பிட இன்னொரு குழு வேண்டும். அதே மழை, அதே கேள்வித்தாள், அதே மாதிரியான பிள்ளைகள், ஆனால் விளையாட்டு மட்டும் இல்லாத குழு. அதை நாம் தேர்ந்தெடுத்தால் நம் சாய்வு உள்ளே வந்துவிடும், பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க விட்டால் அவர்களுடைய விருப்பம் வந்துவிடும். இதற்கு மனிதர் கண்டுபிடித்த மிக நேர்மையான வழி குலுக்கல். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1920-களில் ரொனால்ட் ஃபிஷர் இதை ஆய்வு முறையாகவே வளர்த்தெடுத்தார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுதான் தீர்மானிக்கும், விஞ்ஞானி அல்ல. அதே முறையை வறுமை, கல்வி போன்ற கேள்விகளுக்குக் கொண்டுவந்ததற்காகத்தான் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் க்ரெமர் மூவருக்கும் 2019-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. பானர்ஜியும் டுஃப்லோவும் மும்பை, வதோதரா பள்ளிகளில் கூடுதல் ஆசிரியை வைத்தால் பின்தங்கிய பிள்ளைகள் முன்னேறுவார்களா என்று இப்படித்தான் அளந்தார்கள்.

ஆட விருப்பம் தெரிவித்த எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதி, பாதிப் பேரை எடுத்தால், எடுக்கப்பட்ட பாதியும் எடுக்கப்படாத பாதியும் சராசரியில் ஒரே மாதிரி இருக்கும். நன்றாகக் கலைத்த சீட்டுக்கட்டை இரண்டாக வெட்டினால் ஆர்ட்டினும் ஸ்பேடும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவதுபோல. தூரம், வருமானம், ரத்தசோகை, பிடிவாதம் எல்லாமே இரு பக்கமும் பிரிந்துவிடும். அளக்க முடியாததும் பிரிந்துவிடும் என்பதுதான் குலுக்கலின் பலம்.

"ஏறக்குறைய" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பக்கத்துக்கு 30 பேர்தான் இருக்கிறார்கள், மார்க்கின் திட்ட விலக்கம் 15 என்று வைப்போம். அப்போது விளையாட்டுக்கு எந்த விளைவும் இல்லாவிட்டாலும், அதிர்ஷ்டத்தாலேயே இரு சராசரிகளுக்கும் ஏழெட்டு மார்க் வரை வித்தியாசம் வரலாம். ஆகவே ஒரு வகுப்பில் 60 பேரை வைத்துச் செய்த சோதனையில் "ஐந்து மார்க் கூடியது" என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு நம்ப வேண்டாம். பக்கத்துக்கு 400 பேர் இருந்தால் அதிர்ஷ்டத்தால் வரும் அந்த ஊசலாட்டம் சுமார் இரண்டு மார்க்குக்குச் சுருங்கும். மூன்று மார்க் மாற்றம் உண்மையிலேயே இருந்தால் அதைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம். பாடத்துக்கு மூன்று மார்க் என்றால் பத்தாம் வகுப்பின் 500-க்கு 15. சின்ன விஷயம் இல்லை.

எண்ணூறு பேரை இரண்டே பள்ளிகளில் எடுத்து, ஒரு பள்ளிக்கு விளையாட்டு, மற்றதற்கு இல்லை என்று வைத்தால் அது எண்ணூறு பேர் சோதனை ஆகாது. வித்தியாசம் விளையாட்டால் வந்ததா, ஒரு பள்ளியில் நல்ல கணக்கு டீச்சர் இருப்பதால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. பள்ளிகளையே குலுக்குவதென்றால் பள்ளிகள் நிறைய வேண்டும். ஒரே பள்ளிக்குள் குலுக்கினால் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம், ஆனால் சீட்டு விழாத பையன் நண்பனோடு சேர்ந்து மைதானத்துக்குள் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வியாசர்பாடிப் பக்கம் கால்பந்து உருளும் மைதானத்தில் இதைத் தடுப்பது யாராலும் ஆகாது.

சீட்டு விழுந்தும் வராதவர்களை என்ன செய்வது? 400 பேருக்கு இடம் கொடுத்து, 240 பேர் ஒழுங்காக வருகிறார்கள் என்று வைப்போம். மீதிப் பேரில் ஒருவனுக்கு ஐந்து மணிக்கு டியூஷன், ஒருத்தியை இருட்டுவதற்குள் வரச் சொல்லியிருக்கிறார்கள். டிசம்பரில் நம் ஊரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. வந்த 240 பேரை மட்டும் எடுத்து ஒப்பிடத் தோன்றும். அப்படிச் செய்தால் குலுக்கலின் பயன் முழுவதும் போச்சு, ஏனென்றால் விடாமல் வருபவர்கள் மறுபடியும் அந்தப் பிடிவாதக்காரர்கள்தான். சீட்டு விழுந்த 400 பேரையும், வந்தாலும் வராவிட்டாலும், ஒரே குழுவாகவே வைத்துக் கணக்கிட வேண்டும். அப்படி வந்த வித்தியாசம் 1.5 மார்க் என்றால், அது நூற்றுக்கு 60 பேர் வந்ததன் பலன். மறு பக்கத்தில் யாரும் ஆடவில்லை, சீட்டு விழுந்தும் வராதவர்களுக்கு அந்தச் சீட்டால் ஒன்றும் மாறவில்லை என்றால், 1.5-ஐ 0.6-ஆல் வகுக்கலாம். உண்மையில் ஆடியவர்களுக்குக் கிடைத்தது 2.5 மார்க்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. விளையாட்டு எதன் இடத்தைப் பிடித்தது? ஒரு மணி நேரம் ஆடினால், அந்த நேரத்தில் பிள்ளை வேறென்ன செய்திருக்கும்? போனில் ரீல்ஸ் பார்த்திருந்தால், ஆட்டத்தால் இழந்தது எதுவும் இல்லை. டியூஷனில் உட்கார்ந்திருந்தால் அந்த டியூஷனின் தரத்தைப் பொறுத்தது. ஆட்டத்தையும் ஆடி, டியூஷனையும் ஏழரைக்குத் தள்ளி, வீட்டுப்பாடம் முடித்து நள்ளிரவு தாண்டிப் படுக்கிற பிள்ளை உண்மையில் இழந்தது தூக்கத்தை. அப்போது மார்க் குறைந்தால் குற்றவாளி பந்து இல்லை, கடிகாரம். "விளையாட்டின் விளைவு" என்று நாம் சொல்லும் எண் எப்போதுமே "விளையாட்டு, அதற்குப் பதிலாக இருந்த அந்த வேலை" இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த ஆய்வின் முடிவையும் சென்னைக்குக் கொண்டுவரக் கூடாது.

இதே கேள்வி ஒப்பீட்டுக் குழுவுக்கும் பொருந்தும். ஆடும் குழுவுக்கு ஒரு கோச், தினமும் சுண்டல், பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரியவர் ஒருவர், சேர்ந்து சிரிக்க நண்பர்கள் எல்லாம் கிடைக்கிறார்கள். மற்றக் குழு வீட்டுக்குப் போய்விடுகிறது. மார்க் கூடினால் ஓடியதால் கூடியதா, அக்கறையோடு ஒருவர் இருந்ததால் கூடியதா? இதைப் பிரித்தறிய வேண்டுமென்றால் மற்றக் குழுவுக்கும் அதே நேரம், அதே சுண்டல், அதே மாதிரி ஒரு பெரியவர் கொடுத்து, உட்கார்ந்து ஆடும் செஸ்ஸோ கேரமோ வைக்க வேண்டும்.

இதுவரை நடந்த சோதனைகள் சில இருக்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கேத்தரின் டேவிஸ் குழுவினர் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. உடல் பருமன் உள்ள, ஓடியாடாத, 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 171 பேர். பள்ளி முடிந்தபின் ஒரு குழுவுக்குத் தினம் 20 நிமிடம், ஒரு குழுவுக்கு 40 நிமிடம் மூச்சு வாங்கும் விளையாட்டு, மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சுமார் மூன்று மாதம். திட்டமிடும் திறனும் கணக்கும் மேம்பட்டன, அதிக நேரம் ஆடியவர்களுக்கு அதிகமாக. வாசிப்பில் மாற்றம் தெரியவில்லை. ஒப்பீட்டுக் குழுவுக்கு மாலை நிகழ்ச்சியே இல்லை என்பதால் மேலே சொன்ன சுண்டல் கேள்வி இதற்கும் பொருந்தும்.

இல்லினாய்ஸில் சார்லஸ் ஹில்மன் குழுவினர் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகள் 221 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒன்பது மாதம் பள்ளிக்குப் பின் விளையாட்டு. 2014-இல் வந்த முடிவில், கவனம் சிதறாமல் இருப்பதிலும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தை மாற்றுவதிலும் ஆடிய குழு முன்னேறியிருந்தது. இவை மூளையின் திறனுக்கான சோதனைகள், பள்ளி மார்க் அல்ல. கவனம் கூடினால் மார்க் கூடும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு, ஆனால் அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

நார்வேயில் பள்ளிகளையே குலுக்கினார்கள். 57 பள்ளிகள், பத்து வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேல், ஏழு மாதம், வாரத்துக்கு 165 நிமிடம் கூடுதல் உடலசைவு. பெரும்பகுதி பள்ளி நேரத்துக்குள்ளேயே, பாடத்தோடு சேர்த்து. 2016-இல் வந்த முடிவு: மொத்தத்தில் படிப்பில் வித்தியாசம் இல்லை. தொடக்கத்தில் கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்தவர்கள் மட்டும் முன்னேறியிருந்தார்கள். சராசரி பூஜ்யம் என்பதால் யாருக்குமே பயனில்லை என்று ஆகாது என்பதற்கு இது நல்ல உதாரணம். படிப்பை அளந்த ஜார்ஜியா, நார்வே ஆய்வுகள் இரண்டிலும், கூடுதலாக ஆடியதால் பிள்ளைகள் பின்தங்கியதாகத் தெரியவில்லை. பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய வரி அது. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது மார்க்குக்காக அல்ல, உடம்புக்காக. மார்க் கூடாவிட்டாலும், குறையாமல் இருந்தாலே அந்த ஒரு மணி நேரம் லாபம்தான்.

ஆனால் நார்வேப் பிள்ளைக்குச் சாயங்காலம் டியூஷன் இல்லை, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு திரும்பும் வேலையும் இல்லை. நம் ஊர் எண் நம் ஊரில்தான் கிடைக்கும். அதற்கு முட்டுக்கட்டை ஒன்றும் இல்லை. 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இருக்கிறது, பயிற்சி கொடுக்க ஆள் இல்லாத ஊர் இல்லை இது.

எட்டாம் வகுப்பை எடுத்துக்கொள்ளலாம், பொதுத்தேர்வுப் பயம் இல்லை. ஜூனில் பெற்றோர் கூட்டத்திலேயே விருப்பமும் சம்மதமும் வாங்கி, எல்லோர் முன்னாலும் சீட்டு எடுக்கலாம். முதல் பாதிக்கு ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, இரண்டாம் பாதிக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மழை மாதங்களை விட்டுவிடலாம். எல்லோருக்கும் ஆட்டம் கிடைக்கிறது, யார் முதலில் என்பதை மட்டும்தான் சீட்டு தீர்மானிக்கிறது. அதனால் எந்தப் பெற்றோரும் மனம் கோணமாட்டார்கள். செப்டம்பர் கடைசியில் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே கேள்வித்தாள். எந்தப் பிள்ளை எந்தக் குழு என்று தெரியாத வேறு பள்ளி ஆசிரியர் திருத்த வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் "நேற்று நாலு மணியிலிருந்து படுக்கும்வரை என்ன செய்தாய்?" என்று ஒரு பக்கம் எழுதி வாங்கினால், விளையாட்டு எதன் இடத்தைப் பிடித்தது என்பது தெரிந்துவிடும். பாதியில் பள்ளி மாறிப் போன பிள்ளைகளையும் தேடிப்பிடித்துத் தேர்வு எழுத வைக்க வேண்டும்; அவர்களை விட்டால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

பக்கத்துக்கு 400 பேர், வித்தியாசம் 1.5 மார்க் என்று வந்தால் அதை ஒற்றை எண்ணாக அறிவிக்கக் கூடாது. இரண்டு மார்க்குக்குக் கொஞ்சம் மேல், 2.1 வரை, ஊசலாட்டம் இருப்பதால், உண்மை மைனஸ் 0.6-க்கும் பிளஸ் 3.6-க்கும் நடுவில் எங்கோ இருக்கலாம் என்று சொல்ல வேண்டும். ஒழுங்காக வந்தவர்களுக்கு என்று 0.6-ஆல் வகுத்தால் மைனஸ் 1-லிருந்து பிளஸ் 6 வரை. மார்க் நிச்சயம் கூடும் என்று பி.டி. சார் இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆடினால் பத்து மார்க் போய்விடும் என்ற பயத்துக்கு அந்த எல்லைக்குள் இடமே இல்லை.